காப்புறுதி அலுவலகமும் பாட்டுப் புத்தகமும்: வாசகர் கேள்வி பதில்

மேற்கத்திய இசையில் பியானோவுடன் தனிக்குரல் பாடும் கலைப்பாடல்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியபோது, பகலில் காப்புறுதித் தொழில் நடத்திக்கொண்டே ஏறத்தாழ 200 பாடல்களை இயற்றிய சார்ல்ஸ் ஐவ்ஸ் என்ற அமெரிக்கரைப் போகிற போக்கில் ஒரு வாக்கியத்தில் குறிப்பிட்டிருந்தேன். பதிலின் மற்றப் பகுதிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் கடிதங்கள் வந்தன. ஆகவே இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் காப்புறுதி முகவர்தான். ஐவ்ஸ் உண்மையிலேயே இத்தொழிலைச் செய்தாரா, அல்லது இசைக்கு நேரம் வேண்டும் என்பதற்காகப் பெயருக்கு ஒரு வேலையில் இருந்தாரா?
(தோ பாயோ வாசகர்)

பதில்: உங்கள் தொழிலின் வரலாற்றிலேயே அவருக்கு ஓர் இடம் உண்டு. 1874ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி நகரில் பிறந்த ஐவ்ஸ், 1898இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றதும் நியூயார்க்கில் மியூச்சுவல் லைஃப் என்னும் ஆயுள் காப்புறுதி நிறுவனத்தில் சாதாரண எழுத்தராகச் சேர்ந்தார். 1905இல் நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் ஆயுள் காப்புறுதி நிறுவனங்களின் முறைகேடுகளை விசாரித்தது. பெரிய நிறுவனங்களின் தலைவர்கள் பொதுமக்கள் முன் தலைகுனிய நேர்ந்தது. மக்களின் நம்பிக்கை சரிந்து கிடந்த அந்தக் காலத்தில்தான் ஐவ்ஸ் தம் நண்பர் ஜூலியன் மைரிக்குடன் சேர்ந்து சொந்தமாக முகவர் நிறுவனம் தொடங்கினார். 1909 முதல் 'ஐவ்ஸ் அண்ட் மைரிக்' என்ற பெயரில் இயங்கிய அந்நிறுவனம் அமெரிக்காவின் மிகப்பெரிய காப்புறுதி முகவர் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

வெளியே சென்று வாடிக்கையாளரைச் சந்தித்துப் பேசுவது மைரிக்கின் பொறுப்பு. ஐவ்ஸ் உள்ளே அமர்ந்து திட்டம் வகுத்தார், முகவர்களுக்கு வகுப்பு நடத்தினார், அவர்களுக்கான கையேடுகளை எழுதினார். ஒரு குடும்பத்தின் வருமானம் எவ்வளவு, அதை நம்பியிருப்போர் எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளுக்கு அவர்களுக்கு ஆதரவு வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற தொகைக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்பதை விளக்கும் கையேடு ஒன்றை அவர் எழுதினார். முகவர்கள் நெடுங்காலம் அதைப் பயன்படுத்தினார்கள். இன்று நீங்கள் வாடிக்கையாளரின் வரவேற்பறையில் அமர்ந்து போடும் தேவைக் கணக்குக்கு அது முன்னோடி. காப்புறுதியை அவர் வெறும் விற்பனைப் பொருளாகக் கருதவில்லை. மனிதர்கள் ஒருவர் சுமையை மற்றவர் பகிர்ந்துகொள்வதற்கான வழி என்று உண்மையாகவே நம்பினார். இந்த நம்பிக்கையைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு; ஆனால் ஓரளவுக்கு மேல் தமக்குப் பணம் வேண்டாம் என்று தம் பங்கைத் தாமே குறைத்துக்கொண்டவர் அவர் என்பதையும் சிரிப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கலைப்பாடல் என்பது நம் கீர்த்தனையைப் போன்றதா? திரைப்பாடலிலும் ஒருவர் எழுத மற்றொருவர் இசையமைக்கிறாரே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?
(ஈசூனிலிருந்து ஓர் இலக்கிய ஆசிரியை)

பதில்: கீர்த்தனையில் பெரும்பாலும் சொல்லும் இசையும் ஒருவர் மனத்திலேயே சேர்ந்து பிறக்கின்றன. தியாகராசர் இயற்றியதைப் பாடகர் சங்கதி சேர்த்து, நிரவல் செய்து, கற்பனைச் சுரம் பாடி விரிக்கிறார். அந்த விரிவுக்கு இடமளிப்பதே கீர்த்தனையின் இயல்பு. திரைப்பாடலில் பெரும்பாலும் மெட்டு முதலில் வருகிறது, சொல் அதற்குள் பொருந்திக்கொள்கிறது. கலைப்பாடலில் இந்த வரிசை தலைகீழ். கவிதை முன்பே அச்சாகி, தன் காலில் நின்றுகொண்டிருக்கும். இசையமைப்பாளர் அதைப் படித்து, குரலுக்கு ஒவ்வொரு சுரத்தையும், பியானோவின் இரு கைகளுக்கும் ஒவ்வொரு சுரத்தையும் தாளில் எழுதிவிடுகிறார். பாடகர் எதையும் சேர்க்கக்கூடாது; எழுதியதை எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் அவர் கலை இருக்கிறது. பியானோவும் பக்கவாத்தியம் அன்று. கவிதை சொல்லாமல் விட்டதை அது சொல்லும், சில சமயம் பாடகர் சொல்வதை மறுக்கவும் செய்யும்.

நம்மிடம் இதற்கு மிக அருகில் இருப்பது, பாரதியின் கவிதைக்குப் பிற்காலத்தவர் ஒருவர் மெட்டமைப்பது. விருத்தம் பாடுவதும் ஏற்கனவே உள்ள செய்யுளை எடுத்துக்கொள்வதுதான் என்றாலும், அங்கே இசை அந்த நேரத்தில் பாடகரின் மனோதர்மத்தில் பிறக்கிறது, தாளில் இருப்பதில்லை.

இவ்வடிவம் வியன்னாவில் ஷூபர்ட் கையில் முழுமை பெற்றது. அவர் ஒருவரே 600க்கும் மேற்பட்ட பாடல்களை எழுதினார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க இசை மாணவர்கள் ஜெர்மனிக்குச் சென்று பயின்று திரும்பி, ஜெர்மன் பாணியிலேயே எழுதினார்கள். யேலில் ஐவ்ஸின் ஆசிரியரான ஹோரேஷியோ பார்க்கரும் மியூனிக்கில் பயின்றவர். பிராம்ஸ் போன்றோர் ஏற்கனவே இசையமைத்த அதே ஜெர்மன் கவிதைகளை மாணவர் ஐவ்ஸ் மீண்டும் எடுத்து இசையமைத்திருக்கிறார். அவற்றுள் 'வயல்வெளித் தனிமை' என்ற பொருள் கொண்ட ஒரு பாடலைக் கேட்டால், மரபுப் பாணியில் எழுதத் தெரியாததால்தான் இவர் பிற்காலத்தில் கரடுமுரடாக எழுதினார் என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: நான் கர்நாடக இசை பயில்கிறேன். இணையத்தில் ஐவ்ஸின் சில பாடல்களைக் கேட்டேன். பாடுபவர் ஒரு சுருதியிலும் பியானோ வேறொரு சுருதியிலும் இருப்பதுபோல் தோன்றியது. இது வேண்டுமென்றே செய்ததா, அல்லது என் காதுக்குப் பழக்கம் இல்லையா?
(செங்காங்கிலிருந்து ஒரு மாணவி)

பதில்: வேண்டுமென்றே செய்ததுதான், உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. இதன் வேரைத் தேடினால் ஐவ்ஸின் தந்தையிடம் போய்ச் சேர வேண்டியிருக்கும்.

ஜார்ஜ் ஐவ்ஸ் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையின் வாத்தியக் குழுவை நடத்தியவர். போருக்குப் பின் டான்பரியில் ஊர் வாத்தியக் குழுவை நடத்திக்கொண்டும் இசை கற்பித்துக்கொண்டும் வாழ்ந்தார். ஒலியைப் பற்றி அவருக்கு ஓயாத ஆர்வம். பிள்ளைகளை ஒரு சுருதியில் பாடச்சொல்லி, தாம் வேறொரு சுருதியில் வாசிப்பார். காது தன்னம்பிக்கையோடு தனித்து நிற்கப் பழக வேண்டும் என்பது அவர் கொள்கை. அரைச் சுரத்துக்கும் நுட்பமான இடைவெளிகளைக் கேட்பதற்காகத் தந்திகளை இழுத்துக் கட்டி ஒரு கருவியைத் தாமே செய்தார். இரண்டு வாத்தியக் குழுக்கள் வெவ்வேறு மெட்டுகளை வாசித்தபடி எதிரெதிராக நடந்து வந்து ஒன்றையொன்று கடந்தால் காதில் எப்படி விழும் என்று சோதித்துப் பார்த்தார். சிறுவன் சார்ல்ஸ் இவை அனைத்தையும் கேட்டு வளர்ந்தான்.

இந்த அனுபவம் நமக்குப் புதிதல்ல. வார இறுதியில் சிங்கப்பூரின் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணத்துக்குக் கொம்பாங் என்ற கைப்பறை முழங்க, அடுத்த புளோக்கின் கீழ்த்தளத்தில் சீன இறுதிச் சடங்கின் வாத்தியங்கள் ஒலிக்க, இரண்டுக்கும் நடுவே மளிகைப் பையோடு நடந்திருப்பவர்கள் இவ்வூரில் ஏராளம். பெரும்பாலோர் அதை இரைச்சல் என்று எண்ணிக் கடந்துவிடுவார்கள். ஐவ்ஸ் அந்த இடத்தில் நின்று, இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்பதே முழு இசை என்று சொல்லியிருப்பார். அவரைப் பொறுத்தவரை வாழ்க்கை ஒரு சுருதியில் நடப்பதில்லை. ஆகவே வாழ்க்கையைப் பற்றிய பாட்டும் ஒரு சுருதியில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் வரிகளுக்கு அவர் அமைத்த 'நோயுற்ற கழுகைப் போல' என்ற சிறு பாடலில், குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல், இடையிலுள்ள நுண்சுரங்களின் வழியே தளர்ந்து சரிந்து செல்ல வேண்டும். மேற்கத்தியப் பாடகர்களுக்கு இது கடினம். கமகம் பயின்ற தொண்டைக்கு அந்தச் சரிவு எளிதில் வரும். ஆனால் அழகு சேர்க்காமல், சோர்வை மட்டும் காட்டிச் சரிய வேண்டும் என்பதுதான் நமக்குக் கடினமாக இருக்கும். நுண்சுரங்களில் அவருக்கிருந்த நாட்டம் கடைசிவரை குறையவில்லை. 1920களில், ஒன்றுக்கொன்று கால் சுரம் விலக்கிச் சுருதி சேர்த்த இரண்டு பியானோக்களுக்காக மூன்று உருப்படிகளை எழுதினார்.

தந்தையைப் பற்றிய இன்னொரு நினைவையும் ஐவ்ஸ் எழுதிவைத்திருக்கிறார். திறந்தவெளிப் பிரார்த்தனைக் கூட்டங்களில் ஒரு கல்தச்சர் சுருதி தவறி உரத்த குரலில் பாடுவார். இப்படிப் பாடுவதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று ஒருவர் ஜார்ஜிடம் கேட்டபோது, அந்த மனிதரின் முகத்தைப் பாருங்கள், காலங்காலமாக வரும் இசை அங்கே இருக்கிறது, ஒலியையே அதிகம் கவனித்தால் இசையைத் தவறவிடுவீர்கள் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னாராம். நான் இந்தக் கருத்தை முழுமையாக ஏற்கவில்லை. சுருதியைத் தாயாகக் கருதும் மரபில் வளர்ந்தவர்கள் இதை எளிதில் ஏற்கவும் முடியாது. ஆனால் ஐவ்ஸின் பாடல்களுக்குள் நுழைய வேண்டுமானால், இதைச் சில நிமிடங்களுக்காவது நம்பிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: தம் பாடல்களுக்கு ஐவ்ஸே கவிதை எழுதியதுண்டா?
(அங் மோ கியோ வாசகர்)

பதில்: உண்டு. 'கூண்டு' என்ற பாடலின் வரிகள் அவருடையவை. ஒரு சிறுத்தை கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறது. காவலர் இறைச்சியோடு வரும்போது மட்டும் நிற்கிறது. மூன்று மணிநேரமாக அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன், வாழ்க்கையும் இப்படித்தானோ என்று யோசிக்கத் தொடங்குகிறான். பாட்டு அவ்வளவுதான், ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மனைவி ஹார்மனியும் சில பாடல்களுக்கு வரிகள் எழுதியிருக்கிறார். அவர்கள் வளர்ப்பு மகள் ஈடித்தும் அவள் தோழியும் முற்றத்தில் விளையாடுவதைப் பார்த்துக் கணவனும் மனைவியுமாக உருவாக்கிய 'இரு சிறு மலர்கள்' என்ற பாடல், ஐவ்ஸின் இசை முரட்டுத்தனமானது என்று மட்டும் கேள்விப்பட்டவர்களைத் திகைக்க வைக்கும்.

கேள்வி: அவருடைய சிந்தனையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? இசையமைப்பாளர் ஒருவரைத் தத்துவவாதி என்றும் சிலர் எழுதுகிறார்களே?
(புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: தத்துவவாதி என்பது சற்றுப் பெரிய சொல். அவர் சிந்தித்ததில் பெரும்பகுதி, 19ஆம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் ஊரில் வாழ்ந்த எமர்சன், தோரோ ஆகிய எழுத்தாளர்களிடமிருந்து வந்தது. இயற்கையிலும் மனிதனுக்குள்ளும் ஒரே உயிர் இயங்குகிறது, ஒவ்வொருவரும் பிறர் வழியைப் பின்பற்றாமல் தம் உள்ளுணர்வை நம்ப வேண்டும் என்ற எமர்சனின் கருத்து, இந்திய நூல்களைப் படித்தவர்களுக்கு அந்நியமாக இராது. எமர்சனும் தோரோவும் பகவத் கீதையை மொழிபெயர்ப்பில் விரும்பிப் படித்தவர்கள்.

ஐவ்ஸ் 1920இல் ஒரு கட்டுரைத் தொகுதியைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். கான்கார்டின் எழுத்தாளர்களைப் பற்றித் தாம் எழுதிய பெரிய பியானோ உருப்படிக்கு முன்னுரையாக அது அமைந்தது. தம் இசையைச் சகிக்க முடியாதவர்களுக்குக் கட்டுரைகள், கட்டுரைகளைச் சகிக்க முடியாதவர்களுக்கு இசை, இரண்டையும் சகிக்க முடியாதவர்களுக்கு இரண்டுமே மரியாதையுடன் காணிக்கை என்ற கருத்தில் அதற்கு ஒரு காணிக்கை உரை எழுதினார். வேடிக்கையாகத் தொடங்கினாலும், நூலின் மையக் கேள்வி கனமானது. கலையில் உட்பொருள் என்று ஒன்றும், அதை வெளிப்படுத்தும் பாங்கு என்று ஒன்றும் உண்டு. பாங்கு மெருகேற மெருகேற உட்பொருள் மெலிந்துபோகும் அபாயம் இருக்கிறது என்பது அவர் வாதம். காதுக்கு இதமாக இருப்பதையே அழகு என்று மக்கள் தவறாக எண்ணுகிறார்கள் என்றும், இசைக்கும் ஒலிக்கும் என்ன தொடர்பு என்றும் அவர் எரிச்சலோடு கேட்கிறார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1922இல், தம் பாடல்களில் 114ஐத் தொகுத்துப் பெரிய புத்தகமாக அச்சிட்டார். அதையும் சொந்தச் செலவிலேயே அச்சிட்டு இலவசமாகவே அனுப்பினார். முதற்பக்கத்தைத் திறந்ததும், முழங்கையால் அழுத்தினால்தான் ஒலிக்கக்கூடிய சுரக் கொத்துகள் நிறைந்த பாடல் வாசகரை எதிர்கொள்ளும். புத்தகத்தின் கடைசியில், சிறுவயதில் வீட்டு வளர்ப்புப் பிராணி ஒன்றின் அடக்கத்துக்காக எழுதிய எளிய பாடல் இருக்கிறது. வழக்கமாக எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் வரிசையை இவர் திருப்பிப் போட்டதில் குறும்பு உண்டு. புத்தகத்தைப் பெற்ற பலர் கேலி செய்தார்கள். அணிவகுப்பு இசைக்குப் புகழ்பெற்ற ஜான் ஃபிலிப் சூசா, முன்னோர் முறையில் பயின்றவருக்கு இவற்றுள் சில பெரும் அதிர்ச்சி தருபவை என்று பண்போடு பதில் எழுதினார்.

அப்புத்தகத்துக்கு ஐவ்ஸ் எழுதிய பின்னுரையை எனக்கு அவர் எழுத்துகளிலேயே மிகவும் பிடிக்கும். இதிலுள்ள சில பாடல்களைப் பாடவே முடியாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் சாதாரணக் குடிமக்களைப் போலப் பாட்டுக்கும் சில உரிமைகள் உண்டு. மனிதரால் பறக்க முடியாத இடத்தில் பறக்கவோ, பாட முடியாததைப் பாடவோ ஒரு பாட்டு விரும்பினால், அதைத் தடுக்க யாருக்கு அதிகாரம் என்று கேட்கிறார். மேலும், கலையை வாழ்க்கையின் ஒரு மூலையில் தனியே ஒதுக்கிவைத்துவிட்டு அதற்கு உயிர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்கிறார். காப்புறுதித் தொழில் தம் இசைக்கு உதவியது, இசை தம் தொழிலுக்கு உதவியது என்று அவர் சொல்வதன் அடிப்படையும் இதுதான். அலுவலகத்தில் அவர் சந்தித்தவர்கள் சாவையும், கடனையும், பிள்ளைகளின் எதிர்காலத்தையும் பற்றிப் பேச வந்த சாதாரண மனிதர்கள். அந்த மனிதர்களைவிட்டு விலகியிருந்தால் எழுதுவதற்குத் தமக்கு ஒன்றும் இருந்திராது என்று அவர் கருதினார்.

அரசியலிலும் இதே மனப்பாங்குதான். பெரிய பிரச்சினைகளைக் கட்சிகளிடம் விடாமல் மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்ய வேண்டும் என்று அமெரிக்க அரசமைப்புச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் எழுதி, 1920இல் செய்தித்தாள்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் அனுப்பினார். யாரும் பொருட்படுத்தவில்லை. 

இச்சிந்தனையின் கசப்பான பக்கத்தையும் மறைக்கக்கூடாது. தமக்குப் பிடிக்காத மென்மையான இசையையும் அதை ரசிப்பவர்களையும் பெண்தன்மை உடையவை, உடையவர்கள் என்று இழித்து எழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது. இசை பெண்களுக்கு உரியது என்று ஏளனம் செய்த ஊரில் இசைக்கலைஞரின் மகனாக வளர்ந்த தாழ்வுணர்ச்சி அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அந்த விளக்கத்தைப் படித்த பின்னும் அப்பக்கங்களைப் படிப்பது எனக்குச் சலிப்பாகவே இருக்கிறது.

கேள்வி: என் மகன் தேசிய சேவையில் இருக்கிறான். முடித்ததும் இசைக் கல்லூரியில் சேர வேண்டும் என்கிறான். ஐவ்ஸைப் போல நல்ல வேலையில் இருந்துகொண்டே இசையை வைத்துக்கொள் என்று நான் சொல்லலாம் அல்லவா?
(ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு தந்தை)

பதில்: சொல்லலாம், ஐயா. ஐவ்ஸே உங்கள் பக்கம் பேசியிருக்கிறார். ஒருவனுக்கு நல்ல மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்போது, தன் அபசுரங்களை நம்பி அவர்களைப் பட்டினி போட முடியுமா என்று அவர் எழுதியிருக்கிறார். இசையில் நேர்மையாக முழுநேரம் ஈடுபட்ட தந்தை பணத்துக்குச் சிரமப்பட்டதை அவர் கண்ணால் கண்டவர். யேலில் சேர்ந்த சில வாரங்களிலேயே, 1894 நவம்பரில், அந்தத் தந்தையை இழந்தார்.

ஆனால் மகன் புத்திசாலியாக இருந்தால் சில எதிர்க்கேள்விகளைக் கேட்பான். அவற்றுக்கும் நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். முதலாவதாக, ஐவ்ஸ் இசையைப் பொழுதுபோக்காகப் பயின்றவர் அல்லர். 14 வயதிலேயே தேவாலயத்தில் ஊதியம் பெற்று ஆர்கன் வாசித்தவர். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் கண்டிப்பான ஆசிரியரிடம் முறையாகக் கற்றவர். வேலையில் சேர்ந்த பின்னும் 1902 வரை தேவாலய ஆர்கன் கலைஞராகப் பணியாற்றியவர். இரண்டாவதாக, மாலையிலும் வார இறுதியிலும் விடுமுறையிலும் எழுதியே அவர் இவ்வளவும் செய்தார் என்றால், வீட்டுப் பொறுப்பு முழுவதையும் ஹார்மனி சுமந்தார் என்று பொருள். செவிலியராகப் பயிற்சி பெற்ற அந்த அம்மையார், கணவரின் உடல்நலம் குன்றிய பல ஆண்டுகளிலும் அவரைப் பேணினார்.

மூன்றாவது கேள்விதான் மிகவும் வலிமையானது. இசையுலகை விட்டு ஒதுங்கியிருந்ததால் ஐவ்ஸுக்கு யாருடைய தயவும் தேவைப்படவில்லை. விருப்பம்போல் எழுத முடிந்தது. அதற்கு அவர் கொடுத்த விலை, எழுதியதைக் கேட்க முடியாமல் போனது. பெரிய வாத்தியக் குழுவுக்காக அவர் எழுதிய நான்காம் சிம்பொனி முழுமையாக அரங்கேறியது 1965இல். அப்போது அவர் இறந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. இசையமைப்பாளர் தம் படைப்பைப் பிறர் வாசித்துக் கேட்டுத் திருத்திக்கொண்டே வளர்கிறார். அந்த வாய்ப்பு இல்லாததால் அவர் படைப்புகள் சிலவற்றில் தேவையற்ற சுமை ஏறியிருக்கிறது என்பது என் கருத்து. பாடல்கள் இக்குறைக்குப் பெரும்பாலும் தப்பின. ஒரு குரலும் ஒரு பியானோவும் போதும் என்பதால், வீட்டிலேயே அவற்றை வாசித்துப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

இதற்கு நேர்மாறாக, இசையையே நம்பி வாழ்ந்தவர் அமெரிக்க இசையமைப்பாளர் நெட் ரோரம். 1923இல் பிறந்து 2022இல் மறைந்த அவர் 500க்கும் மேற்பட்ட கலைப்பாடல்களை எழுதினார்; நாட்குறிப்புகளும் கட்டுரைகளும் எழுதினார்; கற்பித்தார்; 1976இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசும் பெற்றார். அவருடைய பாடல்கள் குரலின் இயல்பை அறிந்து, பாடகருக்கு இசைந்து எழுதப்பட்டவை. உங்கள் மகன் ரோரத்தைச் சான்று காட்டினால் உங்களுக்குப் பதில் சொல்வது கடினம். நம் நாட்டு யோங் சியூ தோ இசைக் கல்லூரியின் மாணவர் கச்சேரிகளுக்கு முதலில் இருவரும் சேர்ந்து ஓரிரு முறை சென்று வாருங்கள் என்பதே என் யோசனை. அங்கே படிக்கும் பிள்ளைகள் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசினால், பேச்சு வேறு விதமாக அமையும்.

கேள்வி: ஐவ்ஸ் திடீரென்று எழுதுவதை நிறுத்திவிட்டார் என்பது உண்மையா?
(பொங்கோல் வாசகர்)

பதில்: உண்மைதான். 1918 அக்டோபரில் அவர் உடல்நலம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அதன் பிறகுதான், காலம் குறைவு என்ற உணர்வோடு, கட்டுரை நூலையும் பாடல் தொகுப்பையும் அவசரமாக அச்சேற்றினார். 1919 முதல் 1921 வரை புதிய பாடல்களையும் பழைய உருப்படிகளின் பாடல் வடிவங்களையும் நிறைய எழுதினார். 1927 வாக்கில் ஒருநாள் மாடியிலிருந்து கண்ணீரோடு இறங்கி வந்து, இனித் தம்மால் எழுத முடியாது, எதுவும் சரியாக ஒலிக்கவில்லை என்று சொன்னதாக ஹார்மனி நினைவுகூர்ந்திருக்கிறார். 1930இல் தொழிலிலிருந்தும் ஓய்வு பெற்றார்.

உலகம் அவரைக் கண்டுகொண்டது அதற்குப் பிறகுதான். 1932இல் நியூயார்க் மாநிலத்தின் யாடோ கலைஞர் இல்லத்தில் நடந்த இசைவிழாவில், 114 பாடல்களிலிருந்து ஏழு பாடல்களைத் தேர்ந்தெடுத்து இசையமைப்பாளர் ஏரன் கோப்லண்ட் பியானோ வாசிக்க அரங்கேற்றினார்கள். பாடல்கள்தான் முதலில் கதவைத் திறந்தன என்று இதைக் கொண்டு சொல்லலாம். 1946இல் இசையமைப்பாளர் லூ ஹாரிசன் வாத்தியக் குழுவை நடத்தி ஐவ்ஸின் மூன்றாம் சிம்பொனியை அரங்கேற்ற, மறு ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசுகள் சிறுவர்களுக்குரியவை, நான் வளர்ந்துவிட்டேன் என்று ஐவ்ஸ் சொன்னதாகக் கூறுவார்கள். பரிசுப் பணத்தில் பாதியை ஹாரிசனுக்கே கொடுத்தார். 1951இல் இசைக்குழு நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இரண்டாம் சிம்பொனியை அரங்கேற்றியபோது அவர் அரங்குக்குச் செல்லவில்லை, வானொலியில் கேட்டார். அந்தச் சிம்பொனியை எழுதி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. 1954 மே 19ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார்.

கேள்வி: பிறரைவிட முன்னதாகவே புதுமை செய்ததாகக் காட்டிக்கொள்ள அவர் தம் கையெழுத்துப் பிரதிகளில் பழைய தேதிகளைப் போட்டார் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டாமே?
(பிடோக் வாசகர்)

பதில்: மேனார்ட் சாலமன் என்ற ஆய்வாளர் 1987இல் அக்கேள்வியை எழுப்பினார். ஐவ்ஸ் பழைய படைப்புகளைத் திரும்பத் திரும்பத் திருத்தியவர் என்பதால், எந்த அபசுரம் எந்த ஆண்டில் நுழைந்தது என்று சொல்வது கடினம். அதன்பின் ஆய்வாளர்கள் அவர் பயன்படுத்திய தாளின் வகையையும் கையெழுத்து மாறிவந்த விதத்தையும் ஆராய்ந்தார்கள். சில படைப்புகளின் காலம் அவர் சொன்னதைவிடப் பிந்தியது என்றும், பல படைப்புகளுக்கு அவர் சொன்ன தேதிகள் பெரும்பாலும் பொருந்துகின்றன என்றும் தெரியவந்தது. திட்டமிட்டு ஏமாற்றினார் என்ற வாதம் இன்று வலுவாக இல்லை. யார் முதலில் செய்தார் என்ற போட்டியில் எனக்கு அக்கறை குறைவு. 'கூண்டு' 1906க்குப் பதிலாக 1916இல் எழுதப்பட்டது என்று நாளைக்கு நிறுவப்பட்டாலும் அந்தச் சிறுத்தை அதே கனத்தோடுதான் நடக்கும்.

கேள்வி: எந்தப் பாடலிலிருந்து கேட்கத் தொடங்குவது?
(தெம்பனிஸிலிருந்து ஓய்வுபெற்ற தம்பதியர்)

பதில்: 'நினைவுகள்' என்பதிலிருந்து தொடங்குங்கள். அதில் இரண்டு பகுதிகள். முதற்பகுதியில் நாடக அரங்கில் திரை எழுவதற்காகத் துள்ளிக்கொண்டு காத்திருக்கும் சிறுவர்கள் சீழ்க்கை அடிக்கிறார்கள். இரண்டாம் பகுதியில் மாமா முணுமுணுத்த பழைய பாட்டொன்று நினைவுக்கு வருகிறது. அடுத்து, மாடு மேய்க்கும் தொழிலாளி ஒருவரின் மரணத்தைப் பற்றிய 'சார்லி ரட்லஜ்'. நடுவில் பாடகர் பாடுவதை விட்டுவிட்டுப் பேசத் தொடங்க, பியானோ வெறிகொண்ட குதிரையாக ஓடும்.

அவற்றுக்குப் பின் 'ஸ்டாக்பிரிட்ஜில் ஹவ்சடானிக்' என்ற பாடலைக் கேளுங்கள். 1908இல் திருமணமான புதிதில் ஐவ்ஸும் ஹார்மனியும் ஹவ்சடானிக் ஆற்றங்கரையில் காலை நடை சென்றார்கள். நீர்மேல் மூடுபனி, அக்கரைத் தேவாலயத்திலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. அந்த அனுபவத்தை முதலில் வாத்தியக் குழுவுக்கு எழுதி, 1921இல் ராபர்ட் அண்டர்வுட் ஜான்சனின் கவிதை வரிகளோடு பாடலாக்கினார். பியானோவின் ஒரு கை தொலைவில் கேட்கும் பிரார்த்தனைப் பாட்டுக்குத் துணைநிற்க, மற்றொரு கை அதற்குப் பொருந்தாத சுரங்களைப் பனியைப் போல் மேலே படரவிடுகிறது. செங்காங் மாணவிக்கு எழுதிய பதிலைப் படித்துவிட்டுக் கேட்டால், அந்தப் பொருந்தாமை உங்களை உறுத்தாது.

ஜான் டிகேட்டானி என்ற பாடகி கில்பர்ட் கேலிஷின் பியானோவோடு 1970களில் பதிவு செய்தவை தெளிவாக இருக்கும். ஆண் குரலில் வேண்டுமானால் ஜெரல்ட் ஃபின்லி பாடியவற்றைத் தேடுங்கள். கவிதை வரிகளை முன்பே ஒருமுறை படித்துவிட்டு, அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஐவ்ஸ் பிடிக்காமல் போனாலும் இவ்வடிவத்தைக் கைவிட்டுவிடாதீர்கள்: எமிலி டிக்கின்சனின் 12 கவிதைகளுக்குக் கோப்லண்ட் 1950இல் முடித்த பாடல்களும், இடைக்கால ஐரிஷ் துறவிகளின் வரிகளுக்கு அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் அமைத்த பாடல்களும் கேட்க இன்னும் எளியவை. ஒரே மாலையில் அனைத்தையும் கேட்க வேண்டாம். பார்பரை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.